களத்துவீட்டுக் காசு

எலுமிச்சம்பழம் தேய்த்ததும் கறை போய்விட்டது. கறையோடு சேர்ந்து சேலையின் நிறமும் போய்விட்டது.

தறியில் முக்கால்வாசி நெய்து நின்ற சந்தன நிற முகூர்த்தப் பட்டின் நடுவே இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சிவகுமார் பிழிந்த எலுமிச்சை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். ஆரணி மார்க்கெட்டுக்குப் போயிருந்த மனைவி சுபத்ரா சேவூர் திரும்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

சேலை சந்தன நிறம். வீட்டில் சந்தனம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு இது மிகச் சரியான யோசனையாகத்தான் பட்டது. சாமி மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்து, நீர்விட்டுக் குழைத்து, திட்டின் மேல் நன்றாகப் பூசி, ஃபேனையும் போட்டுவிட்டார்.

சுபத்ரா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாங்க, வூட்ல கோயில் வாசனை வருது?"

"நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தார் சிவகுமார்.

"செவ்வாக்கெழம இன்னா நல்ல நாளு?"

அதற்குள் அவள் கண் தறிக்குப் போய்விட்டது. பைகளைக் கீழே வைத்தாள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியில் வெள்ளைத் திட்டு தெரிந்தது.

"ஒரு சின்ன துருக்கறை இருந்தது" என்றார் சிவகுமார். "அதை எடுத்துட்டேன்."

"துரு எப்படி வந்தது?"

வந்தது ஒரு சாவியால். சிவகுமார் ஆரணி முழுக்க, தறியில் டிசைன் போடும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளை ரிப்பேர் செய்பவர். கெட்டுப்போன எந்தப் பெட்டியும் அவர் கை பட்டால் ஒழுங்காகிவிடும். அவரை ஒழுங்காக்கத்தான் ஆள் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் யூடியூபில் யாரோ ஒருவர் வயல்வெளியில் மெட்டல் டிடெக்டரைத் தடவித் தடவி ராஜா காலத்துக் காசு எடுப்பதைப் பார்த்தார். பத்தே நாளில் அதேபோல ஒரு மிஷினை ஆன்லைனில் வரவழைத்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இல்லை.

சேவூர் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு பாழடைந்த களத்துவீடு இருந்தது. கூரை விழுந்து, கிணறு வறண்டு, முற்றத்தில் முள் மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர் முருகேசன் சிவகுமாரோடு படித்தவர், இப்போது பெங்களூரில் இருக்கிறார். அனுமதி கேட்டதற்கு அவர் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினார்: "தாராளமா தோண்டிக்க சிவா. எது கெடச்சாலும் பாதி எனக்கு. பாம்பு கெடச்சா மட்டும் முழுசா உனக்கு."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல என்பார்கள். சிவகுமாருக்கு அந்த எலிகூடக் கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் ஆணிகள், மாட்டு லாடம், சோடா மூடிகள், ஒரு கலப்பைக் கொழு, ஒரு சைக்கிள் பெல்லின் மேல்மூடி. போன ஞாயிற்றுக்கிழமைதான் கையளவு நீளத்தில் ஒரு பழைய இரும்புச் சாவி கிடைத்தது. அதைப் போட்டோ எடுத்துப் புதையல் வேட்டைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். பின்னணி நன்றாக இருக்க வேண்டும். அந்த வீட்டிலேயே பார்க்க நன்றாக இருந்த பொருள் தறியில் இருந்த பட்டுதான். முந்தின நாள் ராத்திரி, கழுவிய ஈரத்தோடு சாவியை அதன்மேல் வைத்து எட்டு கோணத்தில் படம் எடுத்தார். குழுவில் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் சாவியை எடுக்க மறந்து படுத்துவிட்டார்.

இதையெல்லாம் கேட்டு சுபத்ரா கத்தியிருந்தால் சிவகுமார் தப்பித்திருப்பார். அவள் கத்தவில்லை.

"ஆவணியில கல்யாணம் வச்சிகினு, ஆர்டர் குடுத்த பொண்ணு இந்தச் சேலைக்குக் காத்துகினு இருக்குது. நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்த ஆடி மாசம் முடியற வரைக்கும் பார்க்கறேன். நீங்க அந்த மிஷினை விடணும். இல்லன்னா நான் செய்யாறு போறேன், எங்க அண்ணன் வூட்டுக்கு. நீங்களும் அதுவும் குடும்பம் நடத்துங்க."

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் தறியிடம் சொன்னாள்.

"தறியே, சோறு ஆறிப்போவுதுன்னு சிலபேருகிட்ட சொல்லு."

தறி சொல்லாது. சிவகுமார் தாமாகவே எழுந்து போய்ச் சாப்பிடுவார்.

இருபத்திரண்டு வருடத்தில் சுபத்ரா அவரோடு சண்டை போட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், பாதி ராத்திரியில் எழுப்பிப் பக்கத்து வீட்டுக் கதை சொல்லியிருக்கிறாள். பேசாமல் இருந்ததே இல்லை. மகளும் வேலூரில் ஹாஸ்டலில் இருக்க, வீட்டில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. சிவகுமாருக்கு அது தாங்கவில்லை. மிஷினை விட்டுவிடலாம்தான். ஆனால் ஆறு மாதம் பைத்தியக்காரன் என்று பேர் வாங்கிவிட்டு வெறுங்கையோடு எப்படி விடுவது? ஒன்றே ஒன்று, உருப்படியாக ஒரு பழைய காசு கிடைத்தால் போதும். அவள் ஒருமுறை "அட!" என்று சொன்னால் போதும். அன்றே மிஷினைத் தலை முழுகிவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த வாரம் முதல் ஆடி வெள்ளி. சுபத்ரா தலைக்குக் குளித்து அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிவகுமார் களத்துவீட்டுக்குப் போனார்.

கிணற்று மேட்டுப் பக்கம், வேப்பமரத்தடியில் மிஷின் கத்தியது. ஆணிக்குக் கத்தும் கரகரப்பு இல்லை, கணீரென்ற சத்தம். சிவகுமார் மண்டியிட்டு மண்ணை விரலால் ஒதுக்கினார். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பச்சைக் களிம்பு பிடித்த ஒரு செப்புக் காசு. துடைத்தால் ராஜா தலை தெரிந்தது. ராஜாவுக்குக் காது ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் கலங்கித்தான் போனது.

வீட்டுக்கு வந்து காசை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தறியில் உட்கார்ந்திருந்த சுபத்ரா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போயிற்று.

"இது எங்க கெடச்சுது?"

பேசிவிட்டாள்! தறியிடம் அல்ல, அவரிடமே பேசிவிட்டாள்!

"களத்துவூட்ல. வேப்பமரத்தடியில."

"எவ்ளோ ஆழத்துல?"

"ஒரு சாண்கூட இல்ல சுபா. சும்மா மேலயே கெடந்தது!"

"மண்ணுக்குள்ள கெடக்கறத எடுக்கறதே தப்பு. இத வூட்ல வைக்காதீங்க. கோயில் உண்டியல்ல போட்டுடுங்க."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை சிவகுமார் யோசித்துப் பார்த்தார். ஆறு நாளாக அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள், ஒரு காசைக் கண்டதும் ஐந்து வாக்கியம் பேசியிருக்கிறாள். அப்படியானால் இரண்டு காசுக்கு? மிஷினைத் தலை முழுகும் முடிவை அவர் ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

காசை உண்டியலில் போடத்தான் திங்கட்கிழமை புறப்பட்டார். ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் பாலுவின் கடை இருந்தது. பழைய பித்தளை, வெண்கலம், ஓடாத கடிகாரம், செல்லாத காசு எல்லாம் வாங்கி விற்கிற கடை. பாலு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க புடிச்சீங்கண்ணே?"

"எங்க தாத்தா பொட்டியில கெடந்தது."

"பொட்டியில கெடந்ததுல ஈரமண்ணு ஒட்டிகினு இருக்குதே?"

"தாத்தா விவசாயி" என்றார் சிவகுமார்.

பாலு அதற்கு மேல் கேட்கவில்லை. வியாபாரிக்குக் கேள்வி கேட்கத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதுதான் முக்கியம். வந்த துட்டில் சிவகுமார் மிஷினின் அடியில் மாட்டுகிற பெரிய தட்டு ஒன்று ஆர்டர் செய்தார். பெரிய தட்டு இன்னும் ஆழத்தில் இருப்பதையும் காட்டும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். வீட்டில், "உண்டியல்ல போட்டாச்சு" என்று தறியைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது ஆடி வெள்ளி போய், இரண்டாவது ஞாயிறு வந்தது. இந்த முறை இரண்டு காசு. ஒரு முழ ஆழத்தில் இருந்தன. அதில் ஒன்று போன வாரத்துக் காசு மாதிரியே இருந்தது. ராஜாவுக்கு அதே காது ஓரத்தில் அதே உடைசல். ஒரே அச்சில் அடித்திருப்பார்கள், அச்சிலேயே கோளாறு இருந்திருக்கும் என்று சிவகுமார் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டார்.

சுபத்ரா இரண்டையும் பார்த்தாள்.

"எவ்ளோ ஆழம்?"

"ஒரு மொழம்."

"ஒரு மொழமா? அவ்ளோ கீழ கெடந்ததையுமா உங்க மிஷினு மோப்பம் புடிக்குது?"

"பெரிய தட்டு வாங்கிப் போட்டிருக்கேன்" என்றார் பெருமையாக.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு தறியைப் பார்த்தாள். "தறியே, இந்த வூட்ல எனக்குக் கெட்ட நேரம் இன்னும் தீரல."

சிவகுமாருக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டு காசுக்குப் பத்து வாக்கியம் எதிர்பார்த்திருந்தார். தறியிடம் சொன்னதைச் சேர்த்தாலும் நாலுக்கு மேல் தேறவில்லை. முகமோ போன வாரத்தைவிட மோசமாக இருந்தது. காசு கூடக்கூடக் கோபமும் கூடுகிறது. ஒருவேளை இந்தச் சில்லறைக் காசெல்லாம் அவளுக்குப் போதவில்லையோ? பானையோடு எடுத்தால்தான் பேசுவாளோ? அந்த இரண்டு காசையும் பாலு கடையில் போட்டுவிட்டு, ஒரு நல்ல கடப்பாரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஞாயிறு. மிஷின் கத்திய இடத்தைப் பார்த்து சிவகுமார் திகைத்து நின்றார். போன வாரம் அவரே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, ஒன்றும் இல்லை என்று சலித்து, மண்ணைத் தள்ளி மூடிய குழி அது. மறுபடி தோண்டினார். இரண்டு முழ ஆழத்தில் மூன்று காசுகள். மேலே இருந்த காசில் ராஜா தலை. காது ஓரத்தில் உடைசல்.

அச்சுக் கோளாறு என்று இதற்கு மேல் சொல்ல முடியாது.

சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மணி எட்டிப் பார்த்தாள். மற்ற நாளெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டி வருபவள்.

"இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போயிகீது?"

"அம்மணியக்கா, போன வாரம் இந்தக் குழி வெறுங்குழி. இன்னிக்கு காசு இருக்குது."

அம்மணி ஆச்சரியப்படவில்லை. இடுப்பில் இருந்து வெற்றிலையை எடுத்தாள்.

"பொதையல்னா நகருந்தான். பூதம் காவல் இருக்குதுல்ல? நீ இங்க தோண்டினா அது அங்க தள்ளிவைக்கும். அங்க தோண்டினா கீழ எறக்கும்."

"கீழ எறக்குமா?"

"எறக்கும். உனக்கு எறங்கிச்சா?"

முதல் வாரம் ஒரு சாண். இரண்டாம் வாரம் ஒரு முழம். இப்போது இரண்டு முழம். சிவகுமாருக்கு ஆடி மாதக் காற்றிலும் வியர்த்தது.

ஆனாலும் அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது அவர் தொழில் பாடம். வீட்டுக்கு வந்து, காது உடைந்த காசின் பின்பக்கம் ஆணியால் 'சி' என்று கீறினார். திங்கட்கிழமை மற்றவற்றோடு அதையும் பாலுவிடம் கொடுத்தார். பாலு அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியதைத் தம் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நான்காவது ஞாயிறு இடுப்பளவு ஆழத்தில், கையை முழுசாக விட்டுத் துழாவி எடுத்த நாலு காசில் ஒன்றைத் திருப்பினார். பின்பக்கம் 'சி'.

சிவகுமார் குழிக்குள்ளேயே நின்றபடி பாலுவுக்கு போன் செய்தார்.

"பாலு, போன வாரம் குடுத்தேனே, காது ஒடஞ்ச ராஜா. அலமாரியில இருக்குதா பாரு."

"அதுவா? அது அப்பவே போயிடுச்சேண்ணே."

"எங்க போச்சு?"

"வித்துப்போச்சு. வேற எங்க போவும்?"

"யாருக்கு?"

"வர்றவங்க பேரு ஊரெல்லாம் எழுதி வச்சிகினு வியாபாரம் பண்ண முடியுமாண்ணே? கடையில கூட்டம் நிக்குது. பேஜார் பண்ணாதீங்க, அப்புறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. அலமாரியில் பூட்டி வைத்தாலும், ஊரில் எவனுக்கு விற்றாலும், அந்தக் காசு ஒரே வாரத்தில் இந்த மண்ணுக்கே திரும்பி வந்துவிடுகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையை அதுவரை அவர் வெறும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தார்.

"அம்மணியக்கா!" என்று குழிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "இதுக்கு இன்னாதான் வழி?"

அம்மணி குழியின் விளிம்பில் வந்து நின்று யோசித்தாள்.

"சேவல் காவு குடுக்கணும். எலுமிச்சம்பழம், குங்குமம் வச்சி, 'இனிமே வரமாட்டேன்'னு மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும். ஜல்தியா பண்ணு. பாதியில விட்டன்னா பூதம் பின்னாலயே வூட்டுக்கு வரும். வந்தா முதல்ல பொம்பளைங்களத்தான் பேச்சு மூச்சு இல்லாம பண்ணும்."

பேச்சு! சுபத்ரா ஒரு மாதமாகப் பேசவில்லையே! அவள் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு. பாவம், அவள் என்ன செய்வாள்!

ஒரு மணி நேரத்தில் சேவூரில் இருந்து ஒரு நாட்டுச் சேவல் வந்தது. எலுமிச்சையும் குங்குமமும் வந்தன. வராதது சிவகுமாரின் தைரியம் மட்டும்தான். வாழ்க்கையில் அவர் ஒரு கொசுவைக்கூட விரட்டித்தான் விட்டிருக்கிறார். சேவல் அவரைப் பார்த்தது. அவர் சேவலைப் பார்த்தார். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு சேவல் கையில் இருந்து எகிறி, இடுப்பளவு குழிக்குள் விழுந்து கத்தியது. அதைக் காப்பாற்ற சிவகுமாரும் இறங்கினார். குங்குமத் தட்டு அவர் தலைமேல் கவிழ்ந்தது.

"கொல்ல வேணாம்னா வளர்க்கறேன்னு சொல்லு தம்பி" என்றாள் அம்மணி. "பூதம் ஒத்துக்கினாலும் ஒத்துக்கும்."

ஆக, அன்று மதியம் சுபத்ரா கதவைத் திறந்தபோது வாசலில் அவள் கணவர் நின்றார். தலையில் இருந்து தாடை வரை குங்குமம் வழிந்திருந்தது. ஒரு கையில் அறுத்த எலுமிச்சம்பழம், தோளில் மிஷின், கக்கத்தில் உயிருள்ள சேவல்.

"மாந்திரீகம் வேறயா!" என்று அலறினாள் சுபத்ரா.

"சுபா, உனக்குப் பேச்சு வந்துடுச்சா!" என்று சிவகுமாரும் அலறினார்.

இரண்டு அலறலையும் கேட்டு மிரண்ட சேவல் கக்கத்தில் இருந்து விடுபட்டு, நேராகத் தறியின் மேல் பாய்ந்தது. வெள்ளைத் திட்டு விழுந்த சேலைக்குப் பதிலாக அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு சுபத்ரா இருபது நாளாகக் கண் விழித்து நெய்துகொண்டிருந்த புதுச் சேலை அது. சேவலைப் பிடிக்க சிவகுமார் பாய, சேவல் இழைகளுக்குள் புக, பட்டு நூல் படபடவென்று அறுந்தது. கடைசியில் சேவலைப் பிடித்தது சுபத்ராதான்.

அதைக் கூடையில் கவிழ்த்துவிட்டு, அறுந்த இழைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்தது.

"பின்னாலயே வருது சுபா" என்றார் சிவகுமார். "எங்க கொண்டு போனாலும் திரும்பி வந்துடுது."

"எது வருது?"

பாலுவிடம் விற்றதைச் சொன்னால் உண்டியல் பொய் வெளியே வந்துவிடும். சிவகுமார் தலையில் இருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"முத்திப்போச்சு" என்றாள் சுபத்ரா. தறியிடம் அல்ல, யாரிடமும் அல்ல. "ஆடி முடிஞ்சா நான் கெளம்பறேன்."

மறுநாளே பரண்மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியது. சிவகுமார் அன்றைக்கே நாலு காசையும் எடுத்துக்கொண்டு போய் பாலுவின் மேஜைமேல் கொட்டி, "துட்டே வேணாம், என் கண்ணுல படாம எங்கயாவது தள்ளிடு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தார். பெட்டியில் சேலைகள் ஒவ்வொன்றாக ஏறின. அறுந்த இழைகளை இரண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டு, கல்யாணச் சேலையை முடித்து அனுப்பினாள். அவள் பொறுப்பு முடிந்தது. புதன்கிழமை அண்ணனோடு போனில் பேசினாள். சிவகுமார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். "ஆமாண்ணா, திங்கக்கெழம தனியாத்தான் வர்றேன்" என்று அவள் சொன்னாள். காசும் வேண்டாம், புதையலும் வேண்டாம், அவள் இங்கேயே இருந்து தறியிடம் திட்டிக்கொண்டிருந்தால்கூடப் போதும் என்று அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை, கடைசி ஆடி வெள்ளி. சுபத்ரா வழக்கம்போலக் காலையில் கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் சிவகுமார் ஸ்கூட்டரை எடுத்தார். எந்த ஜக்கார்டு பெட்டியாக இருந்தாலும் எந்த ஒயர் விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்துவிடுவார். இங்கே எந்த ஒயர் என்றே தெரியவில்லை. அதனால், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஜோசியரிடம் போனார்.

ஜோசியர் பொன்னுசாமிக்கு ஆரணியில் நல்ல பேர். கடைசி வெள்ளி என்பதால் கூட்டம் அலைமோதியது. இரண்டு மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்த பிறகு கூப்பிட்டார்கள். ஜோசியர் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"சுருக்கா சொல்லுங்க. இன்னா பிரச்சினை?"

"வூட்ல சம்சாரம் பேசறது இல்லீங்க. திங்கக்கெழம அவங்க அண்ணன் வூட்டுக்குப் போறாங்க. போகக்கூடாதுங்க."

"உங்க ராசி?"

சொன்னார். ஜோசியர் விரல்விட்டு எண்ணி, கண்ணை மூடித் திறந்தார்.

"குடும்ப ஸ்தானத்துல கிரகம் ஏறி உக்காந்துகினு இருக்குது. பயப்படாதீங்க, பரிகாரம் இருக்குது. இந்தக் காலத்துக் காசு ஆவாது. ராஜா தலை போட்ட பழைய செப்புக் காசு ஒண்ணு வாங்கி, ஆள் இல்லாத பாழடைஞ்ச வூட்ல, ஒருத்தரும் பாக்காம, நல்ல ஆழமா பொதச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. பொதச்சத வூட்ல யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. சொன்னா பலன் போயிடும்."

"பழைய காசா?" என்றார் சிவகுமார் பரிதாபமாக.

"ஏன், கெடைக்காதா?"

கிடைக்காமல் என்ன! மூட்டையாக இல்லாவிட்டாலும் முழுசாக நாலு காசு திங்கட்கிழமை வரை கையில் இருந்தது. பூதம் என்று பயந்து அதையெல்லாம் சும்மா கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். இருந்தாலும் நாலு நாள்தானே ஆகிறது. ஒன்றாவது மிச்சம் இருக்கும். காது உடைந்த ராஜாவாக இருந்தாலும் பரவாயில்லை, பழகிய முகம். தட்சணையை வைத்துவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார்.

பாலு கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவகுமார் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"பாலு, ஒரே ஒரு காசு குடு. ராஜா தலை. நீ கேக்கறத தர்றேன். என் குடும்பமே இதுலதான் இருக்குது."

பாலு துணியை உதறி மடித்து வைத்துவிட்டுச் சாவதானமாகத் திரும்பினார்.

"ஒண்ணுகூட இல்லியேண்ணே. இப்பதான் அண்ணி வந்து இருந்த நாலையும் வாங்கிகினு போறாங்க. நீங்க மண்ணத் தோண்டற பைத்தியம் தெளியணும்னா நீங்க தோண்டற எடத்துலயே பழைய காசு பொதைக்கணும்னு ஜோசியர் சொன்னாராம், அஞ்சு வெள்ளிக்கெழமையா இதே வேலையா இருக்காங்க. ஞாயித்துக்கெழம எப்படியும் தோண்டி எடுத்தாருவீங்கல்ல, அதுல ஒண்ண நீங்களே வச்சிக்கங்களேன்!"